ஐம்பது மாட்டுப் பண்ணையில் ஆள் வேலையை அடுக்குவது எப்படி?

இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டில் தொழுவத்து வேலைக்கென்று தனிக் கணக்கு இருப்பதில்லை. முதலில் எழுந்தவர் சாணி அள்ளுகிறார். அடுப்படியிலிருந்து கழுநீர் வருகிறது. வயலுக்குப் போனவர் திரும்பும்போது ஒரு கட்டுப் புல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வருகிறார். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வழியில் சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுப் போகிறது. இதே முறையை ஐம்பதால் பெருக்கினால் பெரிய பண்ணை வந்துவிடும் என்று நம்பித் தொடங்குகிறவர்கள் முதல் கோடையிலேயே களைத்துவிடுகிறார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் களக்காட்டுக்கும் நடுவே பண்ணை வைத்திருக்கும் நானும் அப்படித் தொடங்கியவன்தான். ஆள் போதவில்லை என்று இரண்டு பேரைக் கூடுதலாக வைத்தேன், அப்போதும் போதவில்லை. பிறகுதான் எங்கே இடிக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

நம் சீமையில் ஆள் கிடைப்பது கடினம் என்பதில் ஐயமில்லை. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பெண்கள் வீட்டிலிருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். நூறு நாள் வேலை என்று பெயர்பெற்ற அரசின் ஊரக வேலைத்திட்டம் இருக்கிறது. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். விடியற்காலை நாலு மணிக்குச் சாணி அள்ள வரும்படி இவர்களில் யாரையும் எளிதில் அழைத்துவிட முடியாது. ஆனால் என் பண்ணையில் ஆள் குறைவு என்று நான் புலம்பிக்கொண்டிருந்ததில் ஏறக்குறைய பாதி, இருக்கிற ஆள் வீணாக நடந்துகொண்டிருந்த நடை. அந்த நடையையும் சுமையையும் எப்படிக் குறைப்பது, நாள் முழுவதற்குமான வேலையை எந்த வரிசையில் வைப்பது என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கறவையும் வற்றியவையும் கிடேரியுமாகச் சுமார் ஐம்பது கலப்பின மாடுகள் உள்ள பண்ணையை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்; நூறு மாடு உள்ளவர்கள் கணக்குகளை இரட்டித்துக்கொள்ளலாம்.

முதல் படி: மூன்று நாள் நோட்டுப் புத்தகம்

எதையும் வாங்குவதற்கு முன், எதையும் இடிப்பதற்கு முன், மூன்று நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பண்ணையில் நில்லுங்கள். முதல் நாள் சாணி அள்ளுகிறவரையும், இரண்டாம் நாள் தீவனம் வைக்கிறவரையும், மூன்றாம் நாள் கறக்கிறவரையும் கவனியுங்கள். எத்தனை மணிக்கு எந்த வேலை தொடங்கியது, எத்தனை முறை நடந்தார், எவ்வளவு தூரம், எதற்காகக் காத்திருந்தார் என்பவற்றை மட்டும் எழுதினால் போதும். வேவு பார்ப்பதாக அவர்கள் நினைத்துவிடக் கூடாது. எந்த வேலை முதுகை உடைக்கிறது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர்களே குறைகளைக் காட்டிக்கொடுப்பார்கள்.

அப்படி எழுதினால் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு மாடு நாளொன்றுக்கு 15 கிலோ சாணி போடுகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், ஐம்பது மாட்டுக்கு 750 கிலோ. உரக்குழி தொழுவத்திலிருந்து 60 மீட்டர் தள்ளியிருக்கிறது. ஒருவர் கூடையில் 20 கிலோ சுமக்கிறார். அப்படியானால் 38 நடை, போக வர நாலரை கிலோமீட்டர். அதையே 75 கிலோ பிடிக்கும் ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் தள்ளினால் 10 நடை, 1,200 மீட்டர். தள்ளுவண்டியோடு உரக்குழியையும் 20 மீட்டருக்குள் கொண்டுவந்துவிட்டால் 400 மீட்டர்தான். தலைச்சுமை அறவே போய்விடுகிறது.

பசுந்தீவனத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. மாட்டுக்கு 25 கிலோ என்றால் ஐம்பது மாட்டுக்கு 1,250 கிலோ. 25 கிலோக் கட்டாகத் தலையில் சுமந்தால் 50 நடை. புல் நிற்கும் வயல் 200 மீட்டர் தள்ளியிருந்தால் போக வர 20 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது. நெல்லையப்பர் கோயிலிலிருந்து சேரன்மகாதேவிக்கு நடக்கிற தூரத்தை நம் ஆட்கள் தினமும் வரப்பில் நடந்துகொண்டிருக்கிறார்கள், அதில் பாதி வழி தலையில் சுமையோடு. இதைச் சேர்த்துப் பார்த்த அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாம் படி: பொருளை ஆளுக்குப் பக்கத்தில் வைப்பது

நோட்டுப் புத்தகத்தில் எந்த நடை நீளமாக இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலான பண்ணைகளில் அது தண்ணீராகவோ தீவனமாகவோ இருக்கும். கறவை மாடு நாளொன்றுக்கு 60 முதல் 80 லிட்டர் தண்ணீர் குடிக்கும், கோடையில் அதற்கு மேலும் குடிக்கும். ஐம்பது மாட்டுக்கு 4,000 லிட்டர் என்று வைத்தால், 15 லிட்டர் வாளியில் 260 தடவைக்கு மேல் தூக்க வேண்டும். மிதவை வால்வு பொருத்திய தொட்டியை மாடுகள் எந்நேரமும் எட்டும்படி கட்டிவிட்டால் இந்த வேலையே இல்லை. வாரத்துக்கு இரண்டு முறை தொட்டியைத் தேய்த்துக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தால் போதும். நேரத்துக்குத் தண்ணீர் காட்டுகிற பழக்கத்திலிருந்து, எப்போதும் தண்ணீர் இருக்கிற நிலைக்கு மாறியதில் பாலும் சற்று ஏறியது. பண்ணையில் முதலில் செலவழிக்க வேண்டிய பணம் இதுதான் என்பது என் கருத்து.

அடுத்தது மாட்டைக் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா என்பது. கட்டுத்தறியில் வைத்தால் ஒவ்வொரு மாட்டின் பின்னாலும் சாணி அள்ள வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் காட்ட வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். ஒரு மாட்டுக்குக் கூரைக்குக் கீழே 3.5 சதுர மீட்டரும், வேலியடைத்த திறந்த வெளியில் 7 சதுர மீட்டரும் கொடுத்து விட்டுவிட்டால் சாணி பரவி விழும். திறந்த வெளி மண்ணில் விழுவது வெயிலில் காய்ந்துவிடுகிறது. அங்கே அள்ளும் வேலை ஒருநாள் விட்டு ஒருநாளாகக் குறையும். மழைக்காலத்தில் மட்டும் இந்த முறை படுத்தும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் திறந்த வெளி சேறாகி, மடியெல்லாம் அழுக்கேறி, கறவைக்கு முன் கழுவும் வேலை இரட்டிக்கும். அதற்காகத் திறந்த வெளியை மேடாக்கி வடிகால் வெட்டிவைப்பதைப் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும்.

கொட்டகையின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் வெயில் உள்ளே விழாது. ஆனால் வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்தில் ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்று காற்றாலையைச் சுற்றுகிற காற்று. அது கொட்டகையின் மேற்கு முகப்பில் நேராகப் புகுந்து தீவனத் தூசியைக் கண்ணிலும் பால் வாளியிலும் கொட்டும். அந்தப் பக்கத்துக்காரர்கள் மேற்கு முகத்தில் பனையோலைத் தட்டியோ பச்சை வலையோ கட்டிக்கொள்வது நல்லது.

வைக்கோல் படப்பு தொழுவத்துக்கு அருகே இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் தீப்பிடித்தால் கூரைக்குத் தாவாத அளவு இடைவெளியும், மின்கம்பி மேலே ஓடாத இடமும் பார்த்துப் போட வேண்டும். நடையைக் குறைக்கிற ஆசையில் இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மூன்றாம் படி: கடிகாரத்தைப் பால்வண்டியிலிருந்து பின்னோக்கிப் போடுவது

வேலை நேரத்தை நாம் எழுந்திருக்கிற நேரத்திலிருந்து கணக்கிட்டால் எப்போதும் கடைசியில் ஓட்டமாக இருக்கும். பால் எடுக்க வருகிற வண்டி காலை ஆறரைக்கு வருகிறதென்றால் ஆறே காலுக்குக் கேன்கள் மூடியிருக்க வேண்டும்; கறவைக்கு ஒன்றே கால் மணி நேரம் என்றால் ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டும்; அதற்கு முன் சாணியை ஒதுக்கித் தரையைக் கழுவ அரை மணி. ஆகவே நாலரைக்கு விளக்கு எரிய வேண்டும். இப்படிப் பின்னோக்கிப் போட்ட நேரத்தைச் சுவரில் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதிலிருந்து நகராமல் இருப்பதுதான் முக்கியம். மாடு கடிகாரம் பார்ப்பதில்லை. ஆனால் வழக்கமான நேரத்தில் மடி நிறைந்து, கேன் சத்தம் கேட்டதும் அதற்குப் பால் இறங்கத் தொடங்குகிறது. அன்றைக்குக் கறவை ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் பால் மறுநாளும் குறைந்தே நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு கறவைக்கும் இடையே பன்னிரண்டு மணி நேரம் இருப்பது நல்லது. நடைமுறையில் பல இடங்களில் மாலைக் கொள்முதல் மூன்று, நாலு மணிக்கே முடிந்துவிடுவதால் பகல் இடைவெளி ஒன்பது மணி நேரமாகவும் இரவு இடைவெளி பதினைந்து மணி நேரமாகவும் ஆகிவிடுகிறது. காலைப் பால் அளவில் கூடுதலாகவும் கொழுப்பில் குறைவாகவும், மாலைப் பால் அதற்கு நேர்மாறாகவும் இருப்பதற்கு இதுதான் பெரிய காரணம். கொழுப்புக்கும் இதர சத்துக்கும் தகுந்தபடி விலை போடும் இடத்தில், காலைப் பாலுக்கு விலை குறைகிறதே என்று தீவனத்தைக் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இடைவெளியைப் பார்க்க வேண்டும். பால் குளிரூட்டும் தொட்டி வைத்து 4 டிகிரிக்குக் கொண்டுவர வசதி உள்ளவர்கள் வண்டி நேரத்துக்கு அடிமையாக வேண்டியதில்லை. மாலைக் கறவையை நாலரை, ஐந்துக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

எங்கள் பண்ணையில் நாள் ஓடும் விதம் இது. நாலரைக்குத் தரை சுத்தம், ஐந்திலிருந்து ஆறே கால் வரை கறவை, கறந்து முடித்த மாட்டுக்கு உடனே பசுந்தீவனம், ஏழிலிருந்து ஏழரை வரை பருவப் பார்வை (எந்த மாடு சினைக்குத் தயாராக இருக்கிறது என்று பார்ப்பது), எட்டு மணிக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் புல்லறுக்கப் போவது, பத்தரைக்குள் நறுக்கி முடிப்பது, பதினொன்றிலிருந்து இரண்டரை வரை மாட்டுக்கும் ஆளுக்கும் ஓய்வு, மூன்று மணிக்குத் தரை சுத்தம், மூன்றரைக்கு மாலைக் கறவை, ஆறுக்கு வைக்கோல், இரவு ஒன்பதுக்கு ஒருவர் மட்டும் விளக்கோடு ஒரு சுற்று. நடுப்பகல் ஓய்வைச் சோம்பல் என்று நினைத்து அதில் வேலை புகுத்துகிற முதலாளிகள் உண்டு. மாடு ஒரு நாளில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் படுத்து அசைபோட வேண்டும். மதியம் தொழுவத்துக்குள் போய் அதை எழுப்பிவிடுகிற ஒவ்வொரு வேலையும் பாலில் கழிகிறது.

நான்காம் படி: கறவை

பெரிய பண்ணையின் ஆள் நேரத்தில் பெரும்பங்கு கறவையில்தான் போகிறது. இதில் சேமிப்பதும் கெடுப்பதும் இரண்டும் எளிது. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மடியைத் தொட்டுத் துடைத்ததும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து பாலை இறக்குகிறது. இதற்கு ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். வேகம் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் தணிந்துவிடும். எனவே துடைத்த ஒன்றரை நிமிடத்துக்குள் கறக்கத் தொடங்கி, ஏழு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பல பண்ணைகளில் நேரம் மிச்சப்படும் என்று எண்ணி ஒருவர் முன்னால் போய்ப் பத்து மாட்டின் மடியையும் வரிசையாகக் கழுவிவிடுகிறார். கறப்பவர் பத்தாவது மாட்டிடம் வரும்போது சுரப்பு தணிந்து, பால் மடியிலேயே நின்றுவிடுகிறது. கழுவுகிறவர் கறப்பவருக்கு ஒரு மாடு முன்னால் மட்டுமே இருக்க வேண்டும். அடி, அதட்டல், புதிய நாய், பட்டாசு எல்லாம் இந்தச் சுரப்பைத் தடுக்கும். அதனால் கறவை நேரத்தில் எங்கள் தொழுவத்தில் யாரும் கைப்பேசியில் பேசுவதில்லை.

வரிசை முக்கியம். முதல் ஈற்று மாடுகள் முதலில், மடி சுத்தமான மற்ற மாடுகள் அடுத்து, மடிநோய் கண்டு மருந்து போட்டிருப்பவை கடைசியில். ஒவ்வொரு காம்பிலும் முதல் இரண்டு மூன்று பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பார்த்தால் திரிந்த கட்டி கண்ணுக்குத் தெரிந்துவிடும். கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்க வேண்டும். அதன் பிறகு அரை மணி நேரம் மாடு படுக்காமலிருக்க வேண்டும், ஏனென்றால் காம்பின் துளை அதுவரை மூடுவதில்லை. பசுந்தீவனத்தைக் கறவைக்குப் பிறகு வைக்கச் சொன்னது இதற்காகத்தான். மாடு தானாக நின்று தின்னும், அதற்கென்று ஒரு ஆள் வேண்டியதில்லை. ஒரே துண்டால் எல்லா மடியையும் துடைப்பது நம் பக்கத்தில் இன்னும் போகாத பழக்கம். மாட்டுக்கு ஒரு துண்டு என்று வெட்டிவைத்துத் தினமும் வெந்நீரில் துவைத்துக் காயப்போட்டாலே மடிநோய்ச் செலவு குறையும்.

கையால் கறப்பவர்களுக்குள் பெருவிரலை மடக்கி வைத்துக் கறப்பவர் பலர். அது வேகமாக இருப்பதுபோல் தெரிந்தாலும் காம்பைப் புண்ணாக்கும். கறப்பவருக்கும் பெருவிரல் மூட்டு வலி வரும். முழுக் கையால் பிடித்துக் கறக்கக் கற்றுக்கொடுங்கள். அதோடு, இன்னின்ன மாடு இன்னாருக்கு என்று நிலையாகப் பிரித்துக் கொடுக்கும் வழக்கத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. “நான் தொட்டாத்தான் இறக்கும் அண்ணாச்சி” என்று ஒருவர் பெருமையாகச் சொன்னபோது எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. அவர் ஊர்க் கோயில் திருவிழாவான கொடைக்கு நாலு நாள் போனபோதுதான் அதன் விலை தெரிந்தது. இப்போது பத்து நாளுக்கு ஒருமுறை ஆட்களை வரிசை மாற்றிவிடுகிறோம்.

இயந்திரம் எப்போது வாங்கலாம் என்று கேட்பார்கள். இருபது கறவைக்கு மேல் போனால், ஒரே நேரத்தில் இரண்டு மாட்டைக் கறக்கும் இரட்டை வாளி இயந்திரம் உதவும். ஆனால் இயந்திரம் வேலையைக் குறைப்பது கறக்கும் நிமிடத்தில் மட்டும்தான். கழுவுவது, காம்பு முக்குவது, வாளி சுமப்பது எல்லாம் அப்படியே இருக்கும், இயந்திரத்தைக் கழுவும் வேலை புதிதாகச் சேரும். நாங்கள் முதன்முதலில் வாங்கியபோது, பொருத்த வந்த விற்பனையாளர் சீக்கிரம் கறக்கும் என்று பாலை உறிஞ்சும் வெற்றிட அழுத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார். அழுத்தமானியைப் பார்க்கத் தெரியாத நாங்கள் மூன்று வாரம் அப்படியே ஓட்டினோம்; காம்பு நுனிகள் தடித்து வெளுத்து, ஒன்றன்பின் ஒன்றாக ஏழு மாட்டுக்கு மடிநோய் வந்தது. பொதுவாக 42 முதல் 50 கிலோபாஸ்கல் வெற்றிட அழுத்தமும், நிமிடத்துக்கு 60 துடிப்பும் போதும். தயாரித்தவர்களின் கையேட்டில் உள்ள அளவை அழுத்தமானிக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். காம்பைப் பிடிக்கும் ரப்பர் உறைகளை 2,500 கறவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 35 கறவை மாடு, இரண்டு இணைப்பு, இரு வேளை என்றால் அது எழுபது நாளில் வந்துவிடும். மாற்றிய தேதியைச் சுவரிலேயே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: தீவனம்

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கோ 5 நட்ட 75ஆம் நாள் முதல் அறுவடைக்கு வரும். அதன் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். இந்த 45 என்ற எண்ணையே வேலைத் திட்டமாக்கிக்கொள்ளுங்கள். புல் வயலை 45 பாத்திகளாகப் பிரித்து எண் போட்டு, நாளுக்கு ஒரு பாத்தி அறுத்தால், 46ஆம் நாள் முதல் பாத்தி மறுபடி தயாராக இருக்கும். இன்று எங்கே அறுப்பது என்று யாரும் உங்களிடம் வந்து நிற்க வேண்டியதில்லை. முற்றிய புல்லும் இளம் புல்லும் கலந்து வராது. நல்ல பராமரிப்பில் இந்தப் புல் ஏக்கருக்கு ஆண்டுக்கு 140 டன்னுக்கு மேல் தரும் என்பது வேளாண் பல்கலைக்கழகக் கணக்கு. நம் தண்ணீருக்கும் மண்ணுக்கும் 80 டன் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் ஐம்பது மாட்டுக்கு ஆறு ஏக்கர் வேண்டும். ஒரு பாத்தி 13 சென்ட், நாளுக்கு 1.3 டன் அளவு. பாத்திகளுக்கு நடுவே சின்னச் சரக்கு வண்டி உள்ளே போய்வரும் அகலத்துக்கு ஒரு வழி விடத் தயங்காதீர்கள். அந்த வழியில் போகும் ஐந்து, ஆறு சென்ட் நிலம் மேலே சொன்ன இருபது கிலோமீட்டரை மிச்சப்படுத்துகிறது.

புல்லை இரண்டு, மூன்று சென்டிமீட்டராக நறுக்கிப் போட்டால் வீணாவது குறையும். நறுக்கும் இயந்திரத்தைத் தொழுவத்துக்கும் வயல் வழிக்கும் இடையில் வைத்து, வண்டியிலிருந்து தரையில் இறக்காமல் நேராக இயந்திரத்துக்குத் தள்ளும்படி மேடை கட்டுங்கள். கை போகாதபடி காப்புத் தகடு இல்லாத இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். நம் பெண்கள் வயல் வேலைக்குச் சேலைமேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்தான். இந்த இயந்திரத்துக்குப் பக்கத்தில் அதைக் கட்டாயமாக்குங்கள். முந்தானையும் தலைத்துண்டும் இழுபட்டுப் போன விபத்துகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடர்தீவனத்தை ஒவ்வொரு மாட்டுக்கும் தனித்தனியாக நிறுத்துப் போடுவது ஐம்பது மாட்டில் நடக்காது. நிறையக் கறப்பவை, நடுத்தரம், வற்றியவையும் சினைக் கிடேரிகளும் என்று மூன்று கூட்டமாக இடம் பிரித்துவிட்டால், கூட்டத்துக்கு ஒரு படி அளவு வைத்துப் போடலாம். உடல் காப்புக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்பது பொதுக் கணக்கு. தவிடு, புண்ணாக்கு, உளுத்தம்பொட்டு என்று கிடைப்பதைப் போடுகிறவர்கள் கலவையை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கலந்து, தாது உப்பையும் அதிலேயே சேர்த்து மூட்டை கட்டிவைத்தால் அன்றாடம் அரை மணி நேரம் மிஞ்சும்.

வைக்கோலை மாட்டுக்கு நாளுக்கு 5 கிலோ என்று கணக்கிட்டால் ஐம்பது மாட்டுக்கு ஆண்டுக்கு 91 டன். இதை மாசி, பங்குனியில் பிசானப் பருவ நெல் அறுவடையின்போதே வாங்கி அடுக்கிவிட வேண்டும். அறுவடை இயந்திரம் போன வயலில் கட்டும் இயந்திரம் விட்டு உருளையாகக் கட்டி வாங்கினால் ஏற்றுவதும் அடுக்குவதும் எளிது. கார் பருவ வைக்கோலை நம்பியிருக்க வேண்டாம். அணைத் தண்ணீர் சரியாக வராத ஆண்டில் கார் சாகுபடியே இருப்பதில்லை.

ஆறாம் படி: பருவப் பார்வையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்

ஆள் வேலையைக் குறைப்பது பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று தோன்றலாம். வற்றிய மாடும் கறவை மாடும் கேட்கிற சாணி வேலை, தண்ணீர் வேலை, தீவன வேலை எல்லாம் ஒன்றுதான். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் 21 நாள் கழித்துத்தான் அடுத்தது. அந்த 21 நாள் வேலையும் பலனில்லாத வேலை. கலப்பினப் பசுக்கள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் பருவ அறிகுறி காட்டுகின்றன. சில கத்தாமலேயே ஊமையாக இருக்கும். காலை அரை மணி, மாலை அரை மணி வேறு வேலை எதுவும் செய்யாமல் நின்று, எது எதன்மேல் தாவுகிறது, எது அசையாமல் நிற்கிறது, வழும்பு (சளி போன்ற ஒழுக்கு) தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடலாம். இந்தப் பார்வையைப் பண்ணைக்காரரே செய்ய வேண்டும் என்பது என் பிடிவாதம். சாணி அள்ளிக்கொண்டே பார்த்துக்கொள் என்று சொன்ன காலத்தில் ஒன்றுமே பிடிபடவில்லை.

கன்று ஈன்ற 60 முதல் 90 நாளுக்குள் சினை பிடிக்கச் செய்து, அடுத்த ஈற்றுக்கு 60 நாள் முன்பு பாலை வற்றவிடுங்கள். பிறந்த கன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடப்படுகிறது. அந்த நாளிலேயே குடற்புழு மருந்தையும் காதுவில்லை சரிபார்ப்பையும் சேர்த்துக்கொண்டால் மாடுகளை ஒருமுறை அடைத்தால் போதும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் மாவட்டத்துக்குப் பெரிய வசதி.

ஏழாம் படி: ஆட்களும் கொடை நாட்களும்

வார விடுமுறை இல்லாத வேலைக்கு ஆள் நிலைக்காது. ஆறு பேர் வேண்டிய இடத்தில் ஏழு பேரை வைத்துச் சுழற்சியில் ஒருவருக்கு ஒருநாள் விடுப்புக் கொடுப்பது, ஆறு பேரையும் ஓய்வில்லாமல் வைத்து மாதம் ஒருவரை இழப்பதைவிட மலிவு. கூடுதல் கூலியை நாள் கணக்கில் கொடுக்காமல், மடிநோய் இல்லாத மாதத்துக்கு இவ்வளவு என்று கறப்பவர்களுக்குக் கொடுத்துப் பாருங்கள். லிட்டர் கணக்கில் ஊக்கத்தொகை கொடுத்தால் கடைசிச் சொட்டு வரை காம்பைப் பிழிந்துவிடுவார்கள். நான் கொடுத்துப் பார்த்து நிறுத்தினேன்.

வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் இருக்கும் பண்ணையில் கரும்பலகை மட்டும் உதவாது. காலில் கட்டும் நிறப் பட்டைகள் எல்லோருக்கும் புரியும்: சிவப்பு என்றால் மருந்து போட்ட மாடு, பாலைத் தனியாகக் கறந்து கொட்ட வேண்டும், கேனில் ஊற்றக் கூடாது, மஞ்சள் என்றால் வற்றவிட்டது, பச்சை என்றால் சினை ஊசி போட்டு 21 நாள் பார்வையில் இருப்பது. சிவப்புப் பட்டையை எத்தனை நாள் வைப்பது என்பதை மருந்துப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் விலக்கு நாள் கணக்குப்படி மருத்துவரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நம் சீமையில் ஆள் திட்டம் என்பது பாதி நாள்காட்டித் திட்டம். பங்குனி உத்திரத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தா கோயிலைத் தேடிப் போகும். அன்றைக்கு வேலைக்கு வா என்று யாரையும் கூப்பிட முடியாது, கூப்பிடவும் கூடாது. அதே பங்குனியில்தான் வைக்கோல் ஏற்றும் வேலையும் வருகிறது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுப் பல நாள் தங்குகிறவர்கள் உண்டு. இவை போக ஒவ்வொரு ஊருக்கும் கொடை. ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருடைய ஊர்க் கொடை, குலதெய்வக் கோயில், கிறிஸ்துமஸ், ரம்ஜான் எல்லாவற்றையும் கேட்டு நாள்காட்டியில் குறித்து, ஒரே நாளில் இருவருக்கு மேல் வந்தால் உறவினரில் யார் மாற்றாக வருவார் என்று அப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

அந்த நாட்களுக்குப் புல்லறுக்க வேண்டியதில்லாமல் செய்வது சைலேஜ். மக்காச்சோளத்தையோ சோளத்தையோ கதிர் பால் பிடித்து மாவாகும் தருணத்தில் அறுத்து நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடிவைத்தால் 45 நாளில் தயார். எங்களிடம் இருக்கும் குழி பதினைந்து நாளுக்குப் போதும். அதைக் கொடைக்கும் அடைமழைக்கும் தவிரத் திறப்பதில்லை. திறந்த பிறகு தினமும் முகப்பிலிருந்து ஒரே சீராக வெட்டி எடுக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். மாடுகளை அதற்குத் திடீரென்று மாற்றாமல், விடுமுறைக்கு ஐந்து நாள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

கோடைக்கு ஒரு சொல். அக்கினி நட்சத்திர நாட்களில் கடிகாரத்தை மாற்றத்தான் வேண்டும்: புல்லறுப்பை ஆறரைக்கே தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள், வைக்கோலின் பெரும்பகுதியை இரவு எட்டு மணிக்குப் பிறகு வையுங்கள், ஏனென்றால் அது செரிக்கும்போது எழும் சூடு பகல் சூட்டோடு சேர்ந்தால் மாடு தின்பதையே நிறுத்திவிடும். மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மின்விசிறியோடு தண்ணீர்த் தெளிப்பான் வைத்தால் குளிப்பாட்டும் ஆள் வேலையும் மிஞ்சுகிறது. ஆனால் தரை நனைந்தே கிடக்காதபடி விட்டுவிட்டுத் தெளிக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய முயலாதீர்கள். தண்ணீர்த் தொட்டியும் தள்ளுவண்டியும் முதல் மாதம். கடிகாரமும் கறவை வரிசையும் இரண்டாம் மாதம். பாத்தி பிரிப்பது அடுத்த அறுவடைச் சுற்றில். மூன்று மாதம் கழித்து அதே நோட்டுப் புத்தகத்தோடு மறுபடியும் மூன்று நாள் நின்று பாருங்கள். நடை குறைந்திருந்தும் வேலை முடிகிற நேரம் குறையவில்லை என்றால், காத்திருந்த நேரத்தைக் குறித்த பக்கத்தைப் புரட்டுங்கள். எங்கள் பண்ணையில் அது காலியான கேன்களைக் கழுவி வைக்காததால் கறப்பவர்கள் நின்ற இருபது நிமிடமாக இருந்தது. முந்தின நாள் இரவிலேயே கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைக்கும் வேலையை இரவுச் சுற்றுக்குப் போகிறவரிடம் சேர்த்தோம்.